ஆடிக்காற்றும் நாற்றுக் காப்பும்

காற்றுக்குத் திசைதோறும் வெவ்வேறு பெயரிட்டு வழங்கியவர் நம் முன்னோர். கீழ்த்திசையினின்று வருவது கொண்டல். மேற்றிசையினின்று வருவது கோடை. வடக்கினின்று வருவது வாடை. தெற்கினின்று வருவது தென்றல். தென்றலைப் புகழ்ந்த புலவர் பலர். வாடையை நொந்த தலைவியரும் பலர். ஆயின் மலையடிவாரத்து உழவனுக்கு மிகுந்த தொல்லை விளைப்பது கோடையே. மேல்கடலினின்று எழும் தென்மேற்குப் பருவக்காற்று, மேற்குத் தொடர்ச்சி மலையால் தடையுண்டு, அம்மலையிடையே கணவாய் கண்டவிடத்து ஒருங்கு திரண்டு பாய்கின்றது. பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி என்னும் நான்கும் தமிழ்நாட்டிற்கு இக்காற்று நுழையும் பெருவாயில்களாம். ஆரல்வாய்மொழியை அடுத்த முப்பந்தலிற் காற்றாலைகள் நிரைநிரையாய் நின்று சுழலுதலைக் கண்டோர்க்கு, அக்காற்றின் வலிமையைப் பிறர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

ஆடித் திங்களைப் பற்றி நம் நாட்டில் இரண்டு பழமொழிகள் வழங்குகின்றன. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது ஒன்று. ‘ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்’ என்பது மற்றொன்று. இவற்றைத் தனித்தனியே கேட்கும் நாம், இரண்டனையும் ஒருங்கு வைத்து எண்ணுவதில்லை. விதைக்க வேண்டிய காலமும் அதுவே. விதைத்ததன் காப்பினைக் காற்று வாரிக்கொண்டு போகும் காலமும் அதுவே. இவ்விடர்ப்பாட்டின் நடுவில் நின்றே நம் காய்கறி உழவர் நாற்று வளர்க்கின்றனர். ஆதலின் நாற்றின்மேல் இடப்படும் வலையையும் துணியையும் காற்றுக்கு இரையாகாவண்ணம் கட்டுதல் எங்ஙனம் என்பதனை இக்கட்டுரையில் ஒருவாறு விளக்கப் புகுகின்றோம். தமிழ் பயில்வோர்க்கு இவ்வாராய்ச்சி தகுமோ என வினவுவார் உளராயின், விடுமுறையில் தம்மூர் சென்று மண்வெட்டி எடுப்போர் நம்முள்ளே பலர் என்பதே எம் விடை.

முதற்கண் காப்பின் வகைகளை அறிதல் வேண்டும். நாற்றங்காலின்மேல் இக்காலத்து இடப்படுவன பெரும்பாலும் நான்கு. வெயிலின் கடுமையைத் தணிப்பது நிழல்வலை; இஃது ஒளியில் எத்துணைப் பங்கைத் தடுக்கின்றது என்பதற்கேற்ப 35 விழுக்காடு, 50 விழுக்காடு, 75 விழுக்காடு எனப் பலவாறு கிடைக்கும். வெள்ளை ஈ முதலிய சிறு பூச்சிகள் புகாமைக்கு இடப்படுவது நெருங்கிய கண்களையுடைய பூச்சித்தடுப்பு வலை. கிளி, மைனா முதலியவற்றைத் தடுப்பது அகன்ற கண்களையுடைய பறவைவலை. நான்காவது, நூற்கப்படாமலும் நெய்யப்படாமலும் பாலிபுரோப்பிலீன் இழைகளை வெப்பத்தால் ஒன்றோடொன்று ஒட்டவைத்துச் செய்த மெல்லிய வெண்டுணி. இத்துணி சதுரமீட்டருக்கு 17 கிராம் எடையே உடையதாகவும் கிடைக்கும். எடை குறைந்திருத்தல் இளநாற்றுக்கு நலம். காற்றுக்கோ அதுவே வாய்ப்பு.

இக்காப்பு ஓரிரவு விலகினால் என்ன குடிமுழுகிப் போகும் என்று ஒருவர் கருதலாம். அங்ஙனம் கருதுதல் பொருந்தாது. தக்காளி நாற்று நடவுக்கு ஆயத்தமாக 25 முதல் 30 நாள் வேண்டும். மிளகாய் நாற்றுக்கு 40 முதல் 45 நாள் வேண்டும். அத்துணை நாளும் நீர்விட்டுக் காத்த நாற்றின்மீது, காப்பு நீங்கிய சிறுபொழுதில் வெள்ளை ஈக்கள் வந்தமர்தல் கூடும். அவ்வீயே தக்காளிக்கு இலைச்சுருள் நோயையும் வெண்டைக்கு மஞ்சள் நரம்புத் தேமல் நோயையும் கொண்டுவந்து புகுத்துவது. இவை நச்சுயிரியால் வரும் நோய்களாதலின், ஒருமுறை செடியினுட் புகுந்தபின் அவற்றைத் தீர்க்கும் மருந்து இல்லை. பூச்சியைத் தடுத்தல் ஒன்றே வழி. இனி, நோய் வாராதொழியினும், கட்டவிழ்ந்த வலை இரவு முழுவதும் படபடத்து நாற்றின்மேல் அடித்தலால் இளந்தண்டுகள் ஒடிந்து குருத்துகள் கிழிபடும். மீண்டும் விதைக்கலாமெனின், பட்டம் காத்திராது. அரை ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிடும் குடும்பத்திற்கு ஒரு நாற்றங்காலின் இழப்பு ஒரு பருவத்தின் இழப்பேயாம்.

நிற்க. காற்று வலையை என்ன செய்கின்றது என்பதனை இனி நோக்குவோம். காற்று வலையைத் தள்ளுகின்றது என்றே பலரும் நினைக்கின்றனர். தள்ளுதல் உண்மையே, ஆயின் காப்பினைப் பறிகொடுப்பது தள்ளுதலால் அன்று, தூக்குதலால் ஆகும். வளைந்த கூரைபோன்ற பரப்பின்மேல் ஓடும் காற்று அவ்வளைவின் உச்சியில் விரைவு மிகுகின்றது. விரைவு மிகுமிடத்து அழுத்தம் குறையும் என்பது 1738-ஆம் ஆண்டில் டேனியல் பெர்னூலி என்னும் அறிஞர் வெளியிட்ட நூலால் உலகு அறிந்த உண்மை. மேற்புறத்து அழுத்தம் குறையவே, உள்ளே அடங்கி நின்ற காற்றின் அழுத்தம் துணியை மேல்நோக்கி உந்துகின்றது. இந்நிலையில் ஓரத்தில் ஒரு சாண் இடைவெளி இருந்துவிட்டால், வெளிக்காற்றும் அதன்வழி உட்புகுந்து அடியினின்று தூக்கும். மேலிருந்து இழுப்பதும் கீழிருந்து உந்துவதும் ஒருங்கு சேர்ந்தபின் துணி பாய்மரம் ஆகின்றது.

இரண்டாவதாக அறியத்தக்கது, காற்றின் விரைவுக்கும் விசைக்கும் உள்ள தொடர்பு. விரைவு இருமடங்காயின் விசை இருமடங்காதல் இல்லை, நான்மடங்காகும். விரைவு மும்மடங்காயின் விசை ஒன்பது மடங்காம். மணிக்கு 18 கிலோமீட்டர் விரைவில் வீசும் காற்று, தன்னைத் தடுத்து நிற்கும் ஒரு சதுரமீட்டர்ப் பரப்பின்மேல் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோகிராம் எடைக்கு ஒப்பான விசையைச் செலுத்தும். 36 கிலோமீட்டர் விரைவில் அது சிறிது மிகுந்து 6 கிலோகிராமாகும். 72 கிலோமீட்டர் விரைவில் 25 கிலோகிராமாகும். மாலையில் அசையாது கிடந்த துணி நள்ளிரவிற் பறந்துபோவதன் காரணம் இதுவே.

இக்கணக்கினை ஒரு பாத்திக்குப் பொருத்திப் பார்ப்போம். 10 மீட்டர் நீளமும் 1 மீட்டருக்குச் சிறிது மிகுந்த அகலமும் உடைய ஒரு மேட்டுப்பாத்தி. அதன்மேல் வளைவுகள் நட்டு 20 சதுரமீட்டர்த் துணி போர்த்தியிருக்கின்றது எனக் கொள்வோம். அத்துணியின் முழு எடை 340 கிராம். 36 கிலோமீட்டர்க் காற்றின் முழு விசையும் அதன்மேற் படுமாயின், அதனைத் தூக்க முயலும் விசை 120 கிலோகிராமுக்கு மேற்படும். உழவர் வழக்கமாக வைப்பன மூலைக்கு ஒன்றும் பக்கத்துக்கு ஒன்றுமாக ஆறு கற்கள். ஒவ்வொன்றும் 5 கிலோகிராம் எனினும் மொத்தம் 30 கிலோகிராமே. அம்மி தானாகப் பறவாது. ஆயின் அம்மியைத் துணியோடு பிணைத்துவிட்டால், துணி அதனையும் இழுத்துச் சென்று நாற்றின்மேல் உருட்டும். பழமொழி மிகையன்று என்பதற்கு இஃதொரு சான்று.

இனி அதே 120 கிலோகிராமைச் சுற்றோரம் முழுவதற்கும் பகிர்ந்து பார்ப்போம். சுற்றளவு ஏறக்குறைய 22 மீட்டர். மீட்டருக்கு ஐந்தரைக் கிலோகிராமே வேண்டுவதாகின்றது! 15 சென்டிமீட்டர் அகலமும் அத்துணை ஆழமும் உள்ள சிறு வாய்க்கால் எடுத்து, துணியின் ஓரத்தை அதனுள் இறக்கி, தோண்டிய மண்ணையே மேலே தள்ளி மிதித்தால், மீட்டருக்கு ஏறத்தாழ 25 கிலோகிராம் மண் அதன்மேற் படியும். விலைகொடுத்து வாங்கும் கற்றூணும் இரும்புக் கொக்கியும் செய்யாததை, அவ்விடத்தே கிடக்கும் மண் செய்துவிடுகின்றது. யாம் சொல்லக் கருதியதன் சாரம் இதுவே: காப்பினைச் சில புள்ளிகளிற் கட்டுதல் கூடாது, ஓரம் முழுவதும் அடைத்தல் வேண்டும். புள்ளியிற் கட்டியவிடத்து விசை முழுவதும் அப்புள்ளியிற் குவிந்து துணியைக் கிழிக்கும். அன்றியும், இரு புள்ளிகளுக்கு நடுவே காற்றுக்கு வாயில் திறக்கும்.

ஆரல்வாய்மொழிப் பக்கத்தில் நீண்ட நாளாகக் காய்கறி பயிரிட்டு வரும் மூதாட்டி ஒருவரிடம் யாம் இதுபற்றி உசாவியபோது, அவர் கணக்கு ஒன்றும் கூறினாரல்லர். “மக்களே, காற்று வலைக்கு மேலே எவ்வளவு வேண்டுமானாலும் போகட்டும், வலைக்கு அடியில் மட்டும் போகவிடலாகாது” என்றார். மேற்கூறிய கணக்கு முழுவதும் இவ்வொரு சொல்லில் அடங்கிவிடுதல் காண்க.

இவ்வடிப்படையை மனத்திற் கொண்டு, செய்முறையினை வரிசையாகக் கூறுவோம்.

முதலாவது, பாத்தியின் திசை. நிலம் இடங்கொடுக்குமாயின் பாத்தியின் நீளம் காற்று வரும் திசையோடு ஒத்து அமைதல் நலம். ஆடிக்காற்று வீசும் ஊர்களில் இது பெரும்பாலும் மேற்குக் கிழக்காக அமையும். அப்பொழுது காற்றை எதிர்கொள்வது பாத்தியின் ஒடுங்கிய தலைப்பே. நீண்ட விலாப்புறம் தப்பும்.

இரண்டாவது, வளைவுகள். இவற்றை மூங்கிற் பிளாச்சினாலோ, கனத்த இரும்புக் கம்பியினாலோ, அரை அங்குல நெகிழிக் குழாயினாலோ அமைக்கலாம். முனைகள் நிலத்தினுள் ஒரு முழமேனும் இறங்குதல் வேண்டும். காற்றில்லா இடத்தில் மீட்டருக்கு ஒன்று நடுவோர், காற்று மிகுந்த இடத்தில் அரை மீட்டருக்கு ஒன்று நடுதல் தகும். உயரம் நாற்றுக்கு வேண்டிய அளவே இருத்தல் வேண்டும். நிலத்தோடு உராய்தலால் காற்றின் விரைவு தரையருகிற் குறைந்தும் மேலே செல்லச் செல்ல மிகுந்தும் இருத்தலின், குட்டையான வளைவு தானே ஒரு காப்பாகும். மூங்கிலின் கூரிய சிம்புகளைச் சீவி, மேற்பகுதியிற் பழந்துணி சுற்றிவிடின் வலை உராய்ந்து கிழியாது.

மூன்றாவது, போர்த்தலும் இழுத்தலும். காற்று அமைதியாயிருக்கும் விடியற்காலையே இதற்கு ஏற்ற பொழுது. காற்று வரும் பக்கத்து ஓரத்தை முதலில் மண்ணிற் புதைத்துவிட்டுப் பின்னரே மற்றப் பக்கங்களை விரித்தல் வேண்டும். மாறிச் செய்வோர் துணியோடு போராட நேரும். விரித்தபின் நன்றாக இழுத்து, மடிப்பும் தொய்வும் இன்றி அமைத்தல் வேண்டும். தொய்ந்த துணி படபடக்கும். இறுகிய துணியின்மேற் காற்று வழுக்கிச் செல்லும். வாங்கும்போதே வளைவின் அளவுக்கு மேல் இருபுறமும் ஒவ்வொரு முழம் மிகுதியாக இருக்குமாறு வாங்குக. ஓரத்திற் புதைக்கத் துணி இன்றியமையாதது.

நான்காவது, ஓரம். மண்ணிற் புதைத்தலின் சிறப்பை முன்னரே கூறினோம். ஆயின் நாள்தோறும் களையெடுக்கவும் நாற்றுப் பிடுங்கவும் திறக்க வேண்டிய பக்கத்தைப் புதைத்தல் இயலாது. அப்பக்கத்தில் துணியின் ஓரத்தை நீண்ட மூங்கிற்கழியிற் பாயைச் சுருட்டுவதுபோல் இரண்டு மூன்று சுற்றுச் சுருட்டி, கழியைத் தரையோடு படியவைத்து, அதன்மேல் மணல் நிரப்பிய சாக்குகளை இடைவெளியின்றி அடுக்குக. திறக்கும்போது சாக்குகளை நீக்கிக் கழியை உருட்டினாற் போதும். கழி ஓரம் முழுவதையும் ஒரே நேர்கோட்டில் அழுத்துவதால் இடையிற் காற்றுக்கு வாயில் இல்லை. கூரிய கருங்கற்களை வைத்தல் வேண்டா. அவை துணியைக் கிழிக்கும்.

ஐந்தாவது, மேற்கயிறு. ஓரம் அடைத்தபின்னும் வளைவுகளுக்கு நடுவே துணி மேலெழும்பிப் புடைத்தல் உண்டு. இதனைத் தடுக்க, பாத்தியின் இருமருங்கும் முளைகள் அடித்து, ஒரே நெடுங்கயிற்றை இப்பக்கத்து முளையினின்று அப்பக்கத்து முளைக்கும், மீண்டும் இப்பக்கத்துக்குமாகக் குறுக்கும் நெடுக்கும் துணியின்மேற் செலுத்தி இறுக்குதல் வேண்டும். கயிறு வளைவின்மேற் படாது, இரு வளைவுகளின் நடுவே படியுமாறு அமைக்க. அப்பொழுது கீழிருந்து வளைவு தாங்க, மேலிருந்து கயிறு அழுத்த, துணி அசைவின்றி நிற்கும். கடற்கரைக் குப்பங்களிற் கூரைமீது பழைய மீன்வலையைப் போர்த்துக் கயிற்றாற் பிணித்திருத்தலைக் கண்டவர்க்கு இம்முறை புதிதன்று.

ஆறாவது, முளை. ஆட்டுக்கு முளையடிப்பதுபோல் நேராக அடித்தல் இங்கே போதாது. முளையின் தலை பாத்தியை விட்டு வெளிப்புறமாகச் சாய்ந்தும், அதன் கூர்முனை பாத்தியின் பக்கமாக நிலத்துட் சென்றும் இருத்தல் வேண்டும். அவ்வாறு சாய்த்து அடித்த முளைக்கும் கயிற்றுக்கும் இடையே ஏறத்தாழச் செங்கோணம் அமையும். கயிறு இழுக்குந்தோறும் முளை மண்ணை நெருக்குமேயன்றி மேலே பிடுங்கிக்கொண்டு வாராது. கயிற்றை முளையின் உச்சியிற் கட்டாது, தரையோடு ஒட்டிக் கட்டுக. மணற்பாங்கான நிலத்தில் முளை நீளமாயிருத்தல் இன்றியமையாதது.

ஏழாவது, முடிச்சு. வலையிலும் துணியிலும் துளையிட்டுக் கயிறு கோத்தல் ஆகாது. துளை நாளடைவிற் பெருங்கிழிசலாகும். இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. நம் பாட்டிமார் சேலைத் தலைப்பிற் காசை முடிந்து வைப்பதனை யாவரும் அறிவர். அதுபோலவே வழுவழுப்பான கூழாங்கல் ஒன்றைத் துணியின் ஓரத்தில் வைத்து, துணியை அதனைச் சுற்றிக் குவித்து, கல்லின் கழுத்திற் கயிற்றை இறுக்கிக் கட்டுக. இழுக்குந்தோறும் முடிச்சு இறுகும், துணியும் கிழியாது, அவிழ்த்துவிட்டால் வடுவும் இராது.

எட்டாவது, காற்றுத்தடை. காப்பினை எத்துணை வலிமையாகக் கட்டினும், அதனை எட்டுமுன்னரே காற்றின் விரைவைக் குறைத்தல் அதனினும் சிறந்ததாகும். இதற்கு மதில் எழுப்ப எண்ணுவோர் ஏமாற்றம் அடைவர். இடைவெளியில்லாத மதில் காற்றை மேலே எற்ற, அது மதிலுக்கு அப்பால் சுழன்று கீழிறங்கி முன்னினும் பெரிய கேடு விளைக்கும். ஏறத்தாழப் பாதி காற்றை விட்டுப் பாதியைத் தடுக்கும் வேலியே சிறந்தது. அத்தகைய வேலி, தன் உயரத்தைப்போற் பத்து மடங்கு தொலைவு வரை காற்றின் விரைவைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கும். இரண்டு மீட்டர் வளர்ந்த மக்காச்சோள வரிசை 20 மீட்டருக்குக் காவலாதல் காண்க. நாற்றங்காலின் மேற்குப் புறத்தில் இரண்டு மூன்று வரிசை சோளமோ மக்காச்சோளமோ முன்கூட்டி விதைத்துவிடின், காற்றையும் தணிக்கும். வெள்ளை ஈயின் வரவையும் ஓரளவு தடுக்கும். வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தியை நெருக்கமாக வளர்த்து அதன் நிழலிலும் அணைப்பிலும் கொடியைப் படரவிடும் நம் உழவர் இவ்வுண்மையை நெடுநாளாகக் கையாண்டு வருகின்றனர்.

இதுகாறும் கூறியது நிலத்துத் தோட்டத்துக்கு. இக்காலத்து நகரங்களில் மாடித்தோட்டம் பெருகிவருதலின், அதுபற்றியும் சில கூறுதல் கடமையாகும். மாடியிற் காற்றின் விரைவு மிகுதி. முளையடிக்க மண்ணும் இல்லை. பறந்துபோகும் வலையும் கழியும் தெருவிற் செல்வோர்மேல் விழுதல் கூடும். ஆதலின் இங்குப் பொறுப்பு இருமடங்காகின்றது. நிழல்வலையைத் தாங்கும் இரும்புச் சட்டத்தைச் சுவரோடு உறுதியாகப் பிணிக்க வேண்டும். நீர்த்தொட்டியின் குழாயிலும் மின்கம்பி செல்லும் குழாயிலும் கட்டுதல் ஒருபோதும் ஆகாது. வலையின் ஒரு பக்கத்தை வலிய கயிற்றாலும் மற்ற மூன்று பக்கங்களை மெல்லிய கயிற்றாலும் கட்டுதல் நன்று. பெருங்காற்று வீசுங்கால் மெல்லிய கட்டுகள் முதலில் அறுந்து, வலை ஒரு பக்கத்திற் கொடிபோலத் தொங்குமேயன்றிச் சட்டத்தையே பெயர்த்துக்கொண்டு செல்லாது.

இனி, எவ்வளவு காற்றுக்கு இக்காப்பு தாங்கும் என்பதனையும் கூறல் வேண்டும். காற்றை அளக்கும் கருவி உழவரிடம் இல்லை. மரங்களே அவர்க்குக் கருவி. ஆங்கிலக் கடற்படையைச் சார்ந்த பிரான்சிஸ் பொபோர்ட் என்பார் 1805-ஆம் ஆண்டளவிற் கடலோடிகளுக்கென வகுத்த காற்றளவை முறையைப் பிற்காலத்தார் நிலத்துக்கும் பொருத்தினர். அதன்படி இலைகளும் சிறுகுச்சிகளும் ஓயாது அசையின் காற்றின் விரைவு மணிக்கு 12 முதல் 19 கிலோமீட்டர். புழுதியும் காகிதமும் பறப்பின் 20 முதல் 28. சிறுமரங்கள் ஆடத் தொடங்கின் 29 முதல் 38. பெருங்கிளைகள் அசைந்து, கம்பிகள் சீழ்க்கையடித்து, குடை பிடித்தல் அரிதாயின் 39 முதல் 49. மரங்கள் முழுவதும் ஆடின் 50 முதல் 61. குச்சிகள் முறிந்து விழின் அதற்கும் மேல். புழுதி பறக்கும்போதே ஓரங்களைச் சுற்றிப் பார்த்தல் வேண்டும். பெருங்கிளைகள் அசையும்போது கயிறுகளை மீண்டும் இறுக்குதல் வேண்டும். மரம் முழுவதும் ஆடும் நிலை வருமெனத் தோன்றின், மெல்லிய துணியைச் சுருட்டி எடுத்து வைத்தலே அறிவுடைமை. முன்னர்க் கூறிய பாத்தியில் 72 கிலோமீட்டர்க் காற்றின் விசை ஏறத்தாழ 500 கிலோகிராம் ஆதலையும், அதற்குப் புதைத்த மண் அரிதின் ஈடாதலையும் கணக்கிட்டு அறிக.

புயலுக்கு எக்காப்பும் நில்லாது. 2017-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்தை அலைத்தபோது, வேரூன்றிய இரப்பர் மரங்களும் வாழைத் தோட்டங்களும் சாய்ந்தன. அத்தகைய நாளில் வலையைக் காக்க முயல்வது வீண். வலை தன்னோடு வளைவுகளையும் நாற்றையும் வாரிக்கொண்டு போகாமற் காப்பதே செயற்பாலது. வானிலைத் துறையின் எச்சரிக்கை கேட்டவுடன் வலையைக் கழற்றிச் சுருட்டிக் கட்டி வீட்டினுள் வைத்துவிட வேண்டும். குழித்தட்டில் வளர்ந்த நாற்றாயின் தட்டோடு எடுத்துத் திண்ணையில் வைத்தல் எளிது. காற்று ஓய்ந்தபின் விரைந்து மீண்டும் போர்த்துக. வெள்ளை ஈ அமைதியான பொழுதிலேயே மிகுதியாகப் பறந்து திரியும்.

மற்றும் இரண்டு சொல்லி முடிப்போம். தொய்ந்து தரையிற் கிடக்கும் பறவைவலையில் பாம்பும் ஓணானும் பறவையும் சிக்கி, விடுபட இயலாது மடிகின்றன. வலையை இறுக்கிக் கட்டுதல் பயிருக்கு மட்டுமன்றி இவ்வுயிர்களுக்கும் நலம். இனி, இவ்வலைகள் நெகிழியாற் செய்தவை. வெயிலால் நாளடைவில் நொறுங்குந் தன்மையன. காற்றில் அறுந்து பறந்த துணுக்குகள் அயலார் வயலிலும் ஓடையிலும் படிந்து கால்நடைகளின் வயிற்றிலும் சேர்கின்றன. ஆதலின் கிழிந்த பகுதியை உடனே தைத்தலும், பயன் தீர்ந்ததைத் திரட்டி அப்புறப்படுத்தலும் உழவர் மேற்கொள்ளத்தக்க கடமைகளாம்.

இவ்வாடியில் ஊர் செல்லும் மாணவர், மாலைப்பொழுதில் தம் வீட்டு நாற்றங்காலை ஒருமுறை சுற்றிவருக. காலால் ஓரத்து மண்ணை மிதித்துச் செல்க. விரல் நுழையும் இடைவெளி எங்கேனும் காணப்படின் ஒரு கூடை மண் கொண்டு அதனை அடைக்க. மேற்குத் தலைப்பை இறுதியாக மீண்டும் ஒருமுறை பார்க்க. இதற்குக் கால் நாழிகைக்கு மேற் செல்லாது.